நம் ஊர் ஆய்வு நம் கைக்கு வர



சமீப மாதங்களில் வந்த கடிதங்களில் ஒரே கேள்வி வேறு வேறு கையெழுத்தில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கத்து ஆசிரியை ஒருவர், ஒத்தக்கடையில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் மாணவர் ஒருவர், திருமங்கலம் அருகே மல்லிகை போட்டிருக்கும் விவசாயி ஒருவர். மூவரும் கேட்டது இதைத்தான்: கூகுளில் தேடினால் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பு வருகிறது, பத்து வரிச் சுருக்கமும் வருகிறது. அதற்கு மேல் படிக்கப் போனால் முப்பது டாலர், நாற்பது டாலர் கட்டு என்கிறது. நாங்கள் என்ன செய்வது?

நாற்பது டாலர் என்றால் மூவாயிரம் ரூபாய்க்கு மேல். அந்தக் கட்டுரை நமக்கு உதவுமா என்பது படித்த பிறகுதான் தெரியும். படிப்பதற்கு முன்பே மூவாயிரம் கட்ட எந்த ஆசிரியையால் முடியும்? எந்த விவசாயி கட்டுவார்? பெரும்பாலானவர்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்தவுடன் கணினியை மூடிவிடுகிறார்கள். இந்த மாதம் என் பக்கம் முழுவதையும் அவர்களுக்காக ஒதுக்கியிருக்கிறேன். பணம் கேட்கும் பக்கத்தோடு தேடல் முடிந்துவிடுவதில்லை. அதே கட்டுரை, சட்டப்படியே, காசில்லாமல் இன்னோர் இடத்தில் இருப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. 2018-இல் ‘பியர்ஜே’ இதழில் வந்த ஒரு பெரிய ஆய்வு, உலகில் வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் குறைந்தது 28 விழுக்காடு இலவசமாகக் கிடைக்கிறது என்று மதிப்பிட்டது. மக்கள் உண்மையில் தேடிப் போகும் கட்டுரைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 47 விழுக்காடு. அதாவது ஏறக்குறைய பாதி. அந்தப் பாதிக்குப் போகும் வழியை நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

நம் மண்ணிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். இதை விரிவாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை.

கதிர் அறுக்கும்போதோ, களத்தில் தூற்றும்போதோ கண்ணில் நெல் தெறிப்பதும், இரண்டு நாளில் கண் சிவந்து சீழ் வைப்பதும், கடைசியில் பூ விழுந்து பார்வை போவதும் சோழவந்தான், வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கத்து ஊர்களில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. இதை எண்ணிக்கையோடும் ஆதாரத்தோடும் உலகுக்குச் சொன்னது மதுரைதான். 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், 1994 ஜனவரி முதல் மார்ச் வரையிலான மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை டாக்டர் மு. சீனிவாசனும் அவரோடு சேர்ந்த மருத்துவர்களும் ஆராய்ந்தார்கள். அவர்களில் 284 பேருக்கு முன்பே கருவிழியில் அடிபட்டிருந்தது. நூற்றுக்கு அறுபத்தைந்து பேர். புண்ணிலிருந்து எடுத்த கிருமியை வளர்த்துப் பார்த்தபோது, கிருமி தெரிந்தவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குக் காரணம் பூஞ்சை. ஏறக்குறைய அதே அளவினருக்கு பாக்டீரியா. குளிர்நாடுகளில் பூஞ்சையால் வரும் கருவிழிப் புண் அரிது. நமக்கோ அது அன்றாடம். மண்ணிலும் பயிரிலும் வாழும் ஃப்யூசேரியம் என்ற பூஞ்சைதான் அதிலும் முதலிடம்.

இந்தக் கட்டுரை 1997-இல் ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஆப்தல்மாலஜி’ இதழில் வந்தது. லண்டன் இதழ்தான், ஆனாலும் முழுக் கட்டுரையும் இன்று ‘பப்மெட் சென்ட்ரல்’ என்ற இலவசக் களஞ்சியத்தில் இருக்கிறது. கைப்பேசியில் கூடத் திறந்து படிக்கலாம். 2006-இல் அதே இதழில் வந்த இன்னொரு கட்டுரை என் மனதுக்கு இன்னும் நெருக்கமானது. மதுரை மாவட்டக் கிராமங்களில் ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து, கண்ணில் கீறல் பட்டவர்கள் உடனே அவர்களிடம் வந்து களிம்பு போட்டுக்கொள்ளும்படி ஏற்பாடு செய்து பார்த்தார்கள். அப்படி வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குப் புண்ணாக மாறாமலே கீறல் ஆறிவிட்டது. இதை நம் ஊராட்சித் தலைவர்களும் கிராம சுகாதார செவிலியர்களும் அவசியம் படிக்க வேண்டும். எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

அடுத்தது 2013. பூஞ்சைப் புண்ணுக்கு நாட்டாமைசின் என்ற பழைய சொட்டு மருந்து நல்லதா, வொரிகோனசோல் என்ற புதிய மருந்து நல்லதா என்று பார்க்க அதே அரவிந்த் மருத்துவமனையின் டாக்டர் நா. வெங்கடேஷ் பிரஜ்னாவும் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவர்களும் சேர்ந்து 323 நோயாளிகளைக் கொண்டு ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். பழைய மருந்துதான் வென்றது, அதிலும் குறிப்பாக ஃப்யூசேரியம் புண்ணுக்கு. இந்த முடிவு உலகெங்கும் கண் மருத்துவர்கள் மருந்து எழுதும் முறையையே தொட்டது. (இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு வாங்கிக் கண்ணில் விட்டுக்கொள்ளக் கூடாது. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து பூஞ்சைப் புண்ணை மோசமாக்கிவிடும். பச்சிலைச் சாறும் வேண்டாம். கண்ணில் நெல் பட்டால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.)

இந்த 2013 கட்டுரை நமக்கு எப்படி இலவசமாகக் கிடைக்கிறது என்பதையும் பாருங்கள். ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அமெரிக்க அரசின் தேசிய கண் நிறுவனம். தங்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஆய்வைத் தங்கள் மக்கள் காசு கொடுக்காமல் படிக்க வேண்டும் என்று அந்த நாடு 2008 முதல் ஒரு விதியை நடைமுறைப்படுத்துகிறது. அரசுப் பணம் பெற்ற மருத்துவ ஆய்வுக் கட்டுரை வெளியான பன்னிரண்டு மாதத்துக்குள் பப்மெட் சென்ட்ரலில் எல்லாரும் படிக்கக் கிடைக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. 2025 ஜூலையிலிருந்து அந்தப் பன்னிரண்டு மாத அவகாசமும் இல்லை. வெளியான அன்றே கிடைக்க வேண்டும். அவர்கள் தங்கள் மக்களுக்காகப் போட்ட விதி, இங்கே வாடிப்பட்டியில் இருப்பவருக்கும் பயன்படுகிறது. நம் நாட்டிலும் 2014 டிசம்பரில் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் இதேபோன்ற கொள்கையை அறிவித்தன. அறிவித்த அளவுக்கு அது நடைமுறையில் வேரூன்றவில்லை என்பது என் கருத்து.

ஏன் பணம் கேட்கிறார்கள் என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டுரை எழுதும் பேராசிரியருக்கு இதழ் சன்மானம் தருவதில்லை. அதைப் படித்துக் குறை நிறை சொல்லும் சக ஆய்வாளருக்கும் பெரும்பாலும் எதுவும் கிடையாது. ஆனால் பதிப்புரிமையை எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு அந்தப் பேராசிரியரின் கல்லூரி நூலகமே அதே இதழைப் பெரும் சந்தா கட்டி வாங்க வேண்டும். இந்த முறையை மாற்ற வேண்டும் என்று புடாபெஸ்ட்டில் கூடிய அறிஞர்கள் 2002-இல் வெளியிட்ட அறிக்கையிலிருந்துதான் ‘திறந்த அணுகல்’ என்ற பெயர் பரவியது. அந்த இயக்கத்துக்கு நம் நாட்டில் பல ஆண்டுகள் ஓயாமல் குரல் கொடுத்தவர்களில் முதன்மையானவர் சென்னையைச் சேர்ந்த தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாசலம். சர் சி.வி. ராமன் 1934-இல் நிறுவிய இந்திய அறிவியல் அகாதமியின் இதழ்களை அகாதமியின் இணையதளத்தில் இன்று யாரும் இலவசமாகப் படிக்கலாம். ‘கரன்ட் சயின்ஸ்’ இதழின் பழைய தொகுதிகளும் அப்படித்தான்.

இப்போது வழிக்கு வருகிறேன். மல்லிகை விவசாயியின் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். மொட்டுப்புழுவால் பாதி பூ போகிறது, இதைப் பற்றி யாராவது ஆய்வு செய்திருக்கிறார்களா என்று அவர் கேட்டிருந்தார்.

‘மதுரை மல்லி மொட்டுப்புழு’ என்று தமிழில் தேடினால் செய்திகளும் யூடியூப் காணொளிகளும் வரும். ஆய்வுக் கட்டுரை வராது. ஆய்வாளர்கள் செடியைத் தாவரவியல் பெயரில்தான் எழுதுவார்கள். நம் குண்டுமல்லியின் பெயர் ‘ஜாஸ்மினம் சாம்பக்’. அதை ஆங்கில எழுத்தில் அடித்து, அதோடு மொட்டுப்புழுவுக்கான ஆங்கிலப் பெயரையும் சேர்த்து, சாதாரண கூகுளில் தேடாமல் ‘கூகுள் ஸ்காலர்’ பக்கத்தில் தேட வேண்டும். ஆங்கிலப் பெயர் தெரியாவிட்டால் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரிடம் ஒரு போன் போட்டால் சொல்லிவிடுவார். ஸ்காலரில் வரும் ஒவ்வொரு தலைப்புக்கும் வலப்பக்கம் பி.டி.எஃப். என்று ஒரு சுட்டி இருந்தால் அது இலவசம். அப்படி இல்லை என்றால் மனம் தளர வேண்டாம். தலைப்புக்குக் கீழே சிறிய எழுத்தில், அந்தக் கட்டுரை வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும் ஒரு வரி இருக்கும். ‘எல்லாப் பதிப்புகளும்’ என்ற பொருளில் அதன் பக்கத்தில் ஓர் எண் போட்டிருக்கும். அதைத் தொடுங்கள். பதிப்பகத்தின் பக்கம் பணம் கேட்கும். அடுத்த வரியில் அதே கட்டுரையை ஆசிரியர் தம் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் போட்டிருப்பார். நம்மில் பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவது இந்தச் சிறிய வரியைத்தான்.

வேளாண்மையைப் பொறுத்தவரை நமக்கு இன்னும் இரண்டு நல்ல இடங்கள் இருக்கின்றன. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் தன் இதழ்களை இணையத்தில் இலவசமாகவே வெளியிடுகிறது. கோயம்புத்தூரிலிருந்து வரும், நூறாண்டைக் கடந்த ‘மெட்ராஸ் அக்ரிகல்ச்சுரல் ஜர்னல்’ இதழின் பழைய கட்டுரைகளும் இணையத்தில் உள்ளன. தமிழ்நாட்டு மண்ணில், தமிழ்நாட்டு மழையில் நடந்த ஆய்வுகள் அவை. எங்கோ ஹவாயில் நடந்த மல்லிகை ஆய்வை விட நமக்கு அவை நெருக்கம்.

கணினியில் தேடுபவர்கள் ‘அன்பேவால்’ என்ற சிறு இணைப்பை உலாவியில் சேர்த்துக்கொள்ளலாம். பணம் கேட்கும் பக்கத்தில் நீங்கள் நிற்கும்போது, அந்தக் கட்டுரையின் இலவசப் படி எங்காவது இருந்தால் பக்கத்தின் ஓரத்தில் ஒரு பச்சைப் பூட்டு திறந்த நிலையில் தெரியும். அதைத் தொட்டால் போதும். ஒரு லாபநோக்கமற்ற அமைப்பு நடத்துவது இது. சட்டத்துக்கு உட்பட்ட இடங்களை மட்டுமே தேடும். வரலாறு, இலக்கியம், சமூகவியல் படிப்பவர்களுக்கு ‘ஜேஸ்டோர்’ உண்டு. அதில் இலவசக் கணக்கு ஒன்று தொடங்கினால் முப்பது நாளுக்கு நூறு கட்டுரைகள் வரை திரையிலேயே படிக்கலாம். பதிவிறக்க முடியாது, ஆனால் குறிப்பு எடுக்கலாமே. தமிழ் விக்கிப்பீடியாவில் தொடர்ந்து எழுதுபவர்களுக்கு இன்னொரு செய்தி: ஐந்நூறு தொகுப்புகளும் ஆறு மாத அனுபவமும் இருந்து, இப்போதும் தொகுத்துவருபவராக இருந்தால் ‘விக்கிப்பீடியா நூலகம்’ வழியாகப் பல பெரிய இதழ்த் தொகுப்புகள் காசில்லாமல் திறக்கும். நம் மாவட்டத்து விக்கிப்பீடியர்கள் பலருக்கு இது தெரியாது என்று நினைக்கிறேன்.

இத்தனையும் பார்த்துக் கிடைக்கவில்லையா? கட்டுரை எழுதியவருக்கே எழுதுங்கள். சுருக்கத்தின் கீழே பெரும்பாலும் அவர் மின்னஞ்சல் முகவரி இருக்கும். நான் இன்னார், இன்ன ஊர், இதற்காகப் படிக்க விரும்புகிறேன் என்று நான்கு வரி போதும். ஆங்கிலம் நன்றாக இருக்க வேண்டும் என்று தயங்க வேண்டாம். தன் ஆய்வை யாரோ ஒருவர் தேடிப் படிக்கக் கேட்கிறார் என்றால் எந்த ஆய்வாளருக்கும் மகிழ்ச்சிதான். தம் கட்டுரையின் ஒரு படியைக் கேட்பவருக்கு அனுப்பிவைப்பது ஆய்வுலகில் வெகுகாலமாக உள்ள வழக்கம்.

மாணவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். முப்பது பெரிய பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள். மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் உள்ள 6,300-க்கும் மேற்பட்ட கல்வி, ஆய்வு நிறுவனங்களில் இருக்கும் 1.8 கோடிப் பேருக்கு என்று கணக்கு. குஜராத்தில் காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் இதை நடத்துகிறது. நீங்கள் அரசுக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ படிப்பவர் என்றால் இன்றைக்கே உங்கள் கல்லூரி நூலகரிடம் போய், எனக்கான நுழைவுப் பெயரும் கடவுச்சொல்லும் எப்படிப் பெறுவது என்று கேளுங்கள். அரசு உதவி பெறும் கல்லூரி என்றால், கல்லூரிகளுக்கு மின்னிதழ்களைத் தரும் ‘என்-லிஸ்ட்’ திட்டத்தில் உங்கள் கல்லூரி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். சேர்ந்திருந்தும் தெரியாமல் மூன்று ஆண்டு படித்து முடித்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் இந்தத் திட்டத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு, அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். படிப்பு முடித்து வெளியே வந்த பெண், தனியார் பள்ளி ஆசிரியர், கிராமத்தில் சொந்தமாக மருத்துவம் பார்க்கும் டாக்டர், விவசாயி, பத்திரிகையாளர், இவர்களில் ஒருவருக்கும் இதில் இடமில்லை. தனியார் கல்லூரி மாணவர்களும் முதல் கட்டத்தில் வெளியேதான் நிற்கிறார்கள். பொதுப் பணம் 6,000 கோடி கொடுத்த பிறகும் பொதுமக்களுக்கு அந்தக் கட்டுரைகள் திறக்கவில்லை. பிரேசில் நாடு 1990-களின் கடைசியில் ‘சியெலோ’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கி, தன் நாட்டு இதழ்களையே பொதுப் பணத்தில் எல்லாரும் படிக்கும்படி வெளியிட்டது. பிற லத்தீன் அமெரிக்க நாடுகளும் அதில் சேர்ந்துகொண்டன. நம் பணத்தில் ஒரு பங்காவது அந்த வழியில், நம் சொந்த இதழ்களை வளர்க்கப் போயிருக்கலாம்.

நம் ஊரைப் பற்றிய ஆய்வை மூலத்தில் படிப்பது ஏன் முக்கியம் என்று கீழடியை வைத்துச் சொல்லலாம். கீழடிப் பானை ஓடுகளின் உட்பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதாக 2020 நவம்பரில் செய்தி வந்தபோது, வாட்ஸ்அப்பில் என்னென்னவோ சுற்றின. தமிழன் நானோ தொழில்நுட்பம் கண்டான் என்று கூட ஒருவர் எனக்கு அனுப்பினார். வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் எழுதிய மூலக் கட்டுரை ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ என்ற திறந்த இதழில் வந்தது. யாரும் படிக்கலாம், பத்துக் காசு செலவில்லை. படித்தவர்களுக்கு அதில் என்ன சொல்லியிருக்கிறது, எந்த அளவுக்குச் சொல்லியிருக்கிறது என்பது தெரியும். கீழடியின் உண்மையான பெருமைக்கு மிகைப்படுத்தல் தேவையே இல்லை. தமிழ்நாடு தொல்லியல் துறை 2019 செப்டம்பரில் வெளியிட்ட ‘கீழடி: வைகை நதிக்கரையில் சங்ககால நகர நாகரிகம்’ என்ற அறிக்கை நூலும் இணையத்தில் கிடைக்கிறது. தமிழிலேயே இருக்கிறது. எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டு, எந்த ஆய்வகத்துக்குப் போனது, எந்த நூற்றாண்டு என்று வந்தது என்பதெல்லாம் அதில் உண்டு. கீழடி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் ஆசிரியர்கள் அதற்கு முந்தைய வாரமே வகுப்பில் இந்த அறிக்கையைத் திறந்து காட்டினால், பிள்ளைகள் அங்கே கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கும்.

தமிழியல் பக்கம் வருவோம். இலவசமாக இணையத்தில் நூல் தருவது என்ற எண்ணத்துக்கு நம் நகரத்தின் பெயரையே வைத்தவர்கள் இருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கல் நாளில் தொடங்கிய ‘மதுரைத் திட்டம்’ அது. சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த ஊர் என்பதால் அந்தப் பெயர். ஊதியம் வாங்காத தன்னார்வலர்கள் பல நாடுகளிலிருந்து வீட்டில் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் சங்க இலக்கியத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு வரையிலான நூல்களைப் பொதுவில் வைத்தார்கள். கூகுள் பிறக்கும் முன்பே தொடங்கிய பணி. அவர்களுக்கு நாம் போதிய நன்றி சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. இந்தப் பக்கத்திலாவது சொல்லிக்கொள்கிறேன்.

அதற்கும் ஏறத்தாழ நூறாண்டு முன்னால், 1901-இல், பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். அடுத்த ஆண்டே ‘செந்தமிழ்’ என்ற ஆய்விதழ் தொடங்கியது. ரா. இராகவையங்கார் அதன் முதல் ஆசிரியர். பழைய செந்தமிழ்த் தொகுதிகள் உட்பட ஏராளமான இதழ்களும் நூல்களும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருக்கின்றன. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், ஈழத் தமிழர்களின் ‘நூலகம்’ வலைத்தளம், இவையும் உங்கள் பட்டியலில் இருக்கட்டும். 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ ஈழத்துச் சிற்றிதழ்களைக் கூட விடாமல் சேர்த்துவைத்திருக்கிறது.

முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ‘ஷோத்கங்கா’. பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் கொண்டுவந்த விதியின்படி ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைக்க வேண்டும்; அவை இங்கே வந்து சேர்கின்றன. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ஆய்வேடுகளும் உண்டு. கண்மாய், சுங்குடி, கிராம தெய்வ வழிபாடு, வைகைப் பாசனம் என்று நம்மைச் சுற்றியுள்ள எதைப் பற்றியும் அங்கே தேடிப் பாருங்கள். தேடுவதில்தான் தொல்லை. தமிழில் எழுதிய ஆய்வேடுகளின் தலைப்பைக் கூட ஆங்கில எழுத்தில் பதிவு செய்திருப்பார்கள், அதிலும் ஆளுக்கொரு விதமாக. ‘அய்யனார்’ என்பதை மூன்று நான்கு விதமாக ஆங்கிலத்தில் எழுதலாம். எல்லா விதமாகவும் அடித்துப் பார்க்க வேண்டும். பல ஆய்வேடுகள் பக்கங்களைப் படமாக எடுத்துப் போட்டவை. உள்ளே இருக்கும் சொல்லைத் தேட முடியாது. அதனால் சொல்லைத் தேடுவதை விட்டு, பல்கலைக்கழகம், துறை என்று படிப்படியாக உள்ளே போய் ஆய்வேடுகளின் பட்டியலையே கண்ணால் ஓட்டுவது பயன் தரும். ஒன்று கிடைத்துவிட்டால் அதன் கடைசியில் இருக்கும் துணைநூற்பட்டியல் உங்களைப் பத்து இடத்துக்குக் கூட்டிப் போகும்.

மூன்று எச்சரிக்கைகள், சுருக்கமாக. முதலாவது, இலவசமாகக் கிடைக்கும் எல்லாமே நல்ல ஆய்வு இல்லை. பணம் வாங்கிக்கொண்டு இரண்டே நாளில் எதையும் வெளியிடும் போலி இதழ்கள் நம் நாட்டிலேயே ஏராளம். ஓர் இதழின் மேல் ஐயம் வந்தால் ‘டி.ஓ.ஏ.ஜே.’ என்ற திறந்த இதழ்கள் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கத்தக்க இதழ்களைக் காட்ட மானியக் குழு வைத்திருந்த ‘கேர்’ பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டுவிட்டதால் இந்தக் கவனம் இப்போது இன்னும் அதிகம் தேவை. இரண்டாவது, செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கட்டுரைப் பட்டியல் கேட்பவர்களுக்கு. அவை சில நேரம் இல்லாத கட்டுரையை, இருப்பவர் பெயரில், உண்மையான இதழின் பெயரோடு எழுதிக் கொடுத்துவிடும். இன்று பெரும்பாலான கட்டுரைகளுக்குப் பத்து என்ற எண்ணில் தொடங்கும் ‘டி.ஓ.ஐ.’ என்ற அடையாள எண் இருக்கும். அதை டி.ஓ.ஐ. இணையதளத்தில் ஒட்டிப் பார்த்து, அதே கட்டுரை திறந்தால் மட்டும் நம்புங்கள். மூன்றாவது, பதிப்பகங்களின் அனுமதி இல்லாமல் கட்டுரைகளைத் தரும் ‘சை-ஹப்’ தளம். பலர் அதைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில் அந்தத் தளத்தை இந்தியாவில் தடுக்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் உத்தரவிட்டது. அதைத் தேடிப் போனவர்களின் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் சட்டத்துக்கு உட்பட்ட இத்தனை வழி இருக்கையில் மாணவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்றே சொல்வேன்.

வீட்டில் கணினி இல்லாதவர்கள் புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போகலாம். அமைதியாக உட்கார்ந்து தேட அதைவிட நல்ல இடம் இப்போது மதுரையில் இல்லை.

கடைசியாக, நம் ஊர்ப் பேராசிரியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கட்டுரை ஓர் இதழில் ஏற்கப்பட்ட பிறகு, அச்சுக்குப் போகும் முன் உங்கள் கையில் இருக்கும் திருத்திய பிரதியை உங்கள் கல்லூரிக் களஞ்சியத்தில் போடப் பல பதிப்பகங்கள் அனுமதிக்கின்றன, சில உடனே, சில ஓராண்டு கழித்து. எந்த இதழ் எதை அனுமதிக்கிறது என்பதை முன்பு ‘ஷெர்பா ரோமியோ’ என்ற பெயரில் இருந்த ‘ஓப்பன் பாலிசி ஃபைண்டர்’ தளத்தில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். தயவுசெய்து போட்டுவிடுங்கள். முடிந்தால் அதனுடன் ஒரே ஒரு பக்கம் தமிழில் சுருக்கம் எழுதி இணையுங்கள். உங்களிடம் கண்ணைக் காட்டியவர்கள், தங்கள் வயலில் அளக்கவிட்டவர்கள், கோயில் கதையைச் சொன்ன பெரியவர்கள் ஆகியோரின் பேரப்பிள்ளைகள்தான் இன்று அந்தக் கட்டுரையைத் தேடுகிறார்கள்.

அடுத்த இதழிலிருந்து, நம் வட்டாரத்தைப் பற்றி இலவசமாகக் கிடைக்கும் ஓர் ஆய்வுக் கட்டுரையை எளிய தமிழில் சுருக்கி, அதை எங்கே படிக்கலாம் என்ற விவரத்தோடு மாதம் ஒரு பக்கம் வெளியிடப் போகிறோம். எதைப் பற்றி வேண்டும் என்று எழுதுங்கள். ஒரு குறிப்பிட்ட கட்டுரையைத் தேடிக் கிடைக்காதவர்கள், அதன் தலைப்பு, எழுதியவர் பெயர், ஆண்டு, இதுவரை எங்கெல்லாம் தேடினீர்கள் என்ற நான்கையும் குறித்து அலுவலக முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை போட்டாலும் போதும். நாங்களும் தேடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்